வீட்டுப் பிராணிகள்: கீரி அல்ல, ஃபெரட்!

சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன் ஆசை ஆசையாக ஒரு ஃபெரட் வாங்கினானாம். இப்போது அவனை வெளியூருக்கு ஆறு மாதம் அனுப்பிவிட்டார்கள். கூண்டோடு பிராணியைக் கொண்டுவந்து அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, ரயிலேறிவிட்டான்.

"பக்கத்து வீட்டு மாமி இதைக் கீரிப்பிள்ளை என்கிறார். இருந்தால் பாம்பு அண்டாது என்று ஒருவர் சொல்கிறார். போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். பங்குனி பிறந்ததிலிருந்து இது சோர்ந்து சோர்ந்து படுக்கிறது. சித்திரை கடைசியில் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். இதை வைத்துக்கொள்வதா, வேண்டாமா? வைத்துக்கொண்டால் எப்படிக் காப்பாற்றுவது?" என்று கேட்கிறார்.

கடிதத்தில் இரண்டு உயிர்களைப் பற்றிய கவலை இருக்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை. நகரங்களில் இந்தப் பிராணியை வாங்க நினைக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் இது உதவும்.

இது என்ன பிராணி?

முதலில் பக்கத்து வீட்டு மாமியின் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். நீண்ட உடல், குட்டைக் கால், கூர்மையான மூஞ்சி எல்லாம் கீரியை நினைவூட்டுவது உண்மை. ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம். காவிரியில் மீன் பிடிக்கிறதே நீர்நாய், அதுதான் ஃபெரட்டுக்கு உறவு. ஐரோப்பாவின் காட்டு ஜாதியான போல்கேட் என்ற பிராணியை மனிதன் பழக்கிப் பழக்கி உண்டாக்கியது ஃபெரட். முயல் வளைக்குள் நுழைந்து முயலை வெளியே விரட்டுவதற்காக 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அதை வளர்த்திருக்கிறார்கள்.

ஆகவே, பாம்பைப் பிடிக்கும் என்று நம்பி இதைத் தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள். பாம்போடு போராடும் சாமர்த்தியம் கீரிக்கு உண்டு, இதற்குக் கிடையாது. மலையடிவாரத்து ஊரில் நல்ல பாம்பும் கட்டுவிரியனும் புதிதல்ல. வெளியே விட்டால் பலியாவது ஃபெரட்தான்.

போலீஸ் பயமும் கீரியை நினைத்து வந்ததுதான். நம் நாட்டுக் கீரியை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அதைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். பிள்ளையைக் காத்த கீரியை அவசரப்பட்டுக் கொன்ற பார்ப்பனியின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையிலும் அது வருகிறது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் கீரி வளர்க்க ஆசைப்பட்டால் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த ஆசையைக் கதையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஃபெரட் நம் காட்டுப் பிராணி அல்ல. அன்னிய தேசத்து வளர்ப்புப் பிராணி. மகனிடம் கேட்டு, வாங்கிய ரசீதையும் வைத்தியர் கொடுத்த காகிதங்களையும் ஒரு உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். யாராவது கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

வெயில்தான் முதல் எதிரி

பங்குனியிலிருந்து சோர்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அம்மா, அதை அலட்சியம் செய்யவே கூடாது. ஃபெரட்டுக்கு நம்மைப் போல் வியர்க்காது. உடம்பெல்லாம் ரோமம். 15 முதல் 25 டிகிரி வரை இருந்தால் அதற்குச் சுகம். 27-ஐத் தாண்டினால் சங்கடப்படும். 32-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சேலத்தில் கோடையில் 38, 39 டிகிரி சர்வசாதாரணம். 40-ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. ஜன்னலைத் திறந்தால் சேர்வராயன் மலை தெரிகிறது என்பதற்காக ஏற்காட்டுக் குளிர்ச்சி வீட்டுக்குள் வந்துவிடாது. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் அடிவாரத்தில் இருக்கிறீர்கள்.

பலர் நினைப்பதுபோல் மின்விசிறி மட்டும் போதாது. வியர்வை இருந்தால்தானே காற்று பட்டுக் குளிரும்? சூடான அறையில் விசிறி சுற்றினால் சூடான காற்றுத்தான் அதன்மேல் வீசும். ஏ.ஸி. உள்ள அறை ஒன்று இருந்தால் காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை அதை அங்கே வையுங்கள். 24 டிகிரி போதும். காற்று நேராகக் கூண்டின்மேல் வீச வேண்டாம். ஏ.ஸி. இல்லாவிட்டால் மேல்மாடி அறை வேண்டவே வேண்டாம். வெயில் முழுவதும் தளத்தில் இறங்கும். கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத அறையாகப் பாருங்கள். வெறும் தரையில் கூண்டை வையுங்கள். கூண்டின் ஒரு பக்கத்தை ஈரத் துணியால் மூடுங்கள்; நான்கு பக்கமும் மூடினால் புழுக்கமாகிவிடும். பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்து, பழைய துண்டில் சுற்றி ஒரு மூலையில் போடுங்கள். அது தானே போய் அணைத்துக்கொண்டு படுக்கும். இரண்டு புட்டிகளை மாற்றி மாற்றி உறைய வைத்தால் மின்சாரம் போன நேரத்துக்கும் கைகொடுக்கும்.

வாயைத் திறந்துகொண்டு இரைத்தால், ஈறும் மூக்கும் செக்கச் செவேலென்று ஆனால், துவண்டு கிடந்தால், வெயில் தாக்கிவிட்டது என்று அர்த்தம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் பாதம், வயிறு, தொடை இடுக்கு ஆகிய இடங்களை ஒற்றுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியில் இறந்துபோகலாம். நினைவில்லாத பிராணியின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொஞ்சம் தெளிந்துவிட்டாலும் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.

தயிர்சாதம் ஆகாது

பால், தயிர்சாதம், பிஸ்கெட், வாழைப்பழம் கொடுத்துப் பழக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஃபெரட் சுத்த மாமிச பட்சிணி. அதன் குடல் மிகக் குட்டை. தின்ற ஆகாரம் மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். தானியத்தையும் காய்கறியையும் ஜீரணிக்க அதற்கு நேரமும் இல்லை, சக்தியும் இல்லை. ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்ற கணக்கு இதற்குச் செல்லாது. நான்கு மணிக்கு ஒரு தரமாவது ஏதாவது கிடைக்க வேண்டும்.

ஃபெரட்டுக்கென்று தயாரித்த தீவனம் கிடைக்காத ஊர்களில், பூனைக்குட்டிக்கென்று விற்கும் நல்ல ரக உலர் தீவனத்தைக் கொடுக்கலாம். நாய்த் தீவனம் உதவாது. பொட்டலத்தில் புரதம் 35 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, மாமிசம் முதல் பொருளாகப் போட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கூடவே வேகவைத்த கோழிக்கறி, முட்டை. கோழிக்கும் முட்டைக்கும் பேர்போன நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேரக் கூடாது. வேகவைத்த எலும்பு குத்திக்கொள்ளும். ஈரமான ஆகாரம் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். அரைமணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். சாக்லேட், திராட்சை, இனிப்புப் பண்டம் ஆகவே ஆகாது.

வீட்டில் அசைவம் புழங்காதவர்கள் இந்தப் பிராணியை வாங்குமுன் இதை நன்றாக யோசிக்க வேண்டும். நம் ஆசாரத்தை அதன் வயிற்றில் திணிப்பது தர்மமாகாது.

தண்ணீரைக் கனமான மண் சட்டியில் வையுங்கள். லேசான கிண்ணம் என்றால் கவிழ்த்துவிட்டு அதோடு விளையாடும். அப்புறம் நாளெல்லாம் தாகத்தோடு கிடக்கும்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகள்

ஃபெரட் ஒரு நாளில் 14 மணி முதல் 18 மணி வரை தூங்கும். தூக்கம் என்றால் சாமானியத் தூக்கமல்ல. எடுத்துத் தூக்கினாலும் துணிபோலத் தொங்கும். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டது என்று பயந்துபோவதுண்டு. உடம்பு கதகதப்பாக, மூச்சு சீராக இருந்தால் கவலை வேண்டாம். விழித்திருக்கும் சில மணி நேரத்தில் அது செய்யும் விஷமத்துக்கு அளவில்லை. முதுகை வளைத்து, பக்கவாட்டில் துள்ளித் துள்ளி, கொக்கொக்கென்று சப்தம் செய்தால் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைக்காதீர்கள். அது ஆனந்தக் கூத்து!

அந்த நேரத்தில்தான் ஜாக்கிரதை தேவை. தலை நுழையும் ஓட்டையில் உடலும் நுழைந்துவிடும். குளியலறைச் சாக்கடைத் துவாரம், வாசற்கதவின் அடி இடுக்கு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், துணி துவைக்கும் இயந்திரத்தின் அடிப்பாகம் எல்லாவற்றையும் தரையில் உட்கார்ந்து பார்த்து அடைத்துவிடுங்கள். அழுக்குத் துணிகளை இயந்திரத்தில் போடுமுன் ஒருமுறை உதறுங்கள். உள்ளே அது தூங்கிக்கொண்டிருக்கலாம். ஊஞ்சல், சாய்வு நாற்காலி, மடக்குக் கட்டில் ஆகியவற்றுக்கு அடியில் படுத்து நசுங்கிய ஃபெரட்டுகள் பல. அது வெளியே உலாவும் நேரத்தில் ஊஞ்சலைக் கட்டிவைத்துவிடுவது நல்லது.

ரப்பர் என்றால் இதற்கு உயிர். ரப்பர் செருப்பு, பென்சில் அழிக்கும் ரப்பர், மெத்தைப் பஞ்சு, ரிமோட்டின் பொத்தான், குழந்தையின் பால்புட்டிக் காம்பு எல்லாவற்றையும் கடித்து விழுங்கும். அது குடலில் அடைத்துக்கொண்டால் ஆகாரம் செல்லாது; வாந்தி, எச்சில் ஒழுகல், மலம் மெலிதாக வருவது அல்லது அடியோடு நிற்பது ஆகிய குறிகள் தெரியும். விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்படும் விஷயம் அது.

நாற்றம் அடிக்கிறது என்று தினம் குளிப்பாட்டுபவர்கள் இருக்கிறார்கள். தோலின் எண்ணெய் போகப் போக, உடம்பு இன்னும் அதிகமாக எண்ணெய் சுரந்து நாற்றம் கூடும். படுக்கைத் துணியை வாரம் இரண்டு முறை துவைத்து, மலத் தட்டைத் தினம் சுத்தம் செய்தாலே பாதி நாற்றம் போய்விடும். மூலையில் பின்பக்கமாக நகர்ந்து போய் மலம் கழிப்பது அதன் சுபாவம்; தட்டையும் மூலையிலேயே வையுங்கள்.

நோய்கள்

ஃபெரட்டுக்கு எமன் போன்றது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய். தாக்கினால் அநேகமாகப் பிழைக்காது. அமெரிக்காவில் கருங்கால் ஃபெரட் என்று ஒரு காட்டு இனம் உண்டு. அது பூண்டோடு அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது, 1981-ல் வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணை நாய் அதில் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. தேடிப் போனால் ஒரு கூட்டமே இருந்தது. 1985-ல் டிஸ்டெம்பர் புகுந்தது; பிளேக் நோயும் பரவிக்கொண்டிருந்தது. 1987-க்குள் மிஞ்சியவை 18. அவற்றைப் பிடித்து வைத்துப் பெருக்கித்தான் அந்த இனத்தையே காப்பாற்றினார்கள்.

தெருநாய்கள் உலாவும் நம் ஊரில் இந்தக் கிருமி செருப்பில் ஒட்டிக்கொண்டுகூட வீட்டுக்குள் வரலாம். செருப்பை வாசலிலேயே விடும் நம் வழக்கம் இங்கே மிகவும் நல்லது. நாயைத் தொட்டுவிட்டு வந்தால் கை கழுவிய பிறகே ஃபெரட்டைத் தொட வேண்டும். தடுப்பூசி அவசியம், ஆனால் நாய்க்குப் போடும் ஊசிகள் எல்லாம் இதற்குப் பொருந்தாது. ஃபெரட்டின் உயிரணுக்களில் வளர்த்துத் தயாரித்த சில ரகங்கள் நோயையே உண்டாக்கியிருக்கின்றன. எந்த ஊசி, எந்த அளவு என்பதை விவரம் தெரிந்த வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பற்றியும் அவரையே கேளுங்கள்.

நம்முடைய ஜலதோஷக் காய்ச்சலும் இதற்குத் தொற்றும். 1933-ல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்ற மூன்று விஞ்ஞானிகள் இன்ஃப்ளுயன்ஸா கிருமியை முதன்முதலில் மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தது ஃபெரட்டுகளின் உதவியால்தான். காய்ச்சல்காரர்களின் தொண்டைக் கழுவலை மூக்கில் விட்டார்கள்; ஃபெரட்டுகள் நம்மைப் போலவே தும்மின. ஆகவே வீட்டில் யாருக்காவது ஃப்ளூ என்றால் அவர் இதன் அருகே போகக் கூடாது. இதற்குச் சளி பிடித்தால் நமக்கும் தொற்றலாம்.

பெண் ஃபெரட்டாக இருந்தால் ஒரு முக்கியமான விஷயம். பருவத்துக்கு வந்து இணை சேராமல் இருந்தால், அந்தப் பருவம் தானாக நீங்காமல் நீடித்துக்கொண்டே போகும். சுரப்புநீர் மிகுந்து, எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்று, சோகை பிடித்து இறந்துவிடும். கருத்தடைச் சிகிச்சை நடந்திருக்கிறதா என்று மகனிடம் உடனே விசாரியுங்கள். மூன்று நான்கு வயதுக்கு மேல் வாலில் ரோமம் கொட்டுவது, பின்னங்கால் தள்ளாடுவது, வெறித்துப் பார்ப்பது, எச்சில் ஒழுகுவது எல்லாம் சுரப்பி நோய்களின் அடையாளம். "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடக் கூடாது. சாதாரணமாக ஆறு முதல் எட்டு வருஷம் வாழக்கூடிய பிராணி இது.

மனிதருக்கான மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்; பாராசிட்டமால் விஷம்.

நம் பக்கத்து வைத்தியர்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி, நாய் இவற்றைப் பார்த்துப் பழகியவர்கள். அவசரம் வந்தபின் அலைவதைவிட, இந்த வாரமே சேலத்தில் விசாரித்து, ஃபெரட் பார்ப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம். பயணம் போவதானால் விடியற்காலையில் கிளம்புங்கள்.

பச்சைக் குழந்தையும் ஃபெரட்டும்

இனி, கேள்வியின் முக்கியமான பகுதிக்கு வருவோம். பால்வாசனை வீசும் பச்சைக் குழந்தையையும் ஃபெரட்டையும் ஒரு நிமிஷம்கூடத் தனியே விடக் கூடாது. எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரிதான். தூங்கும் சிசுக்களின் முகத்தையும் விரல்களையும் ஃபெரட் கடித்துக் குதறிய சம்பவங்கள் மேல்நாடுகளில் நடந்திருக்கின்றன. அதற்குப் பகையும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை; சிறிதாக அசைகிற எதையும் பிடிப்பது அதன் பிறவிக் குணம். நம் வீட்டுத் தூளிக்குப் பக்கத்தில் பெட்டியோ பீரோவோ இருந்தால் அதன்மேல் தொற்றி ஏறி வந்துவிடும்.

கர்ப்பிணி அதன் மலத் தட்டைத் தொடவே வேண்டாம். வேறு யாராவது சுத்தம் செய்து, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். யாரையாவது கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்ப வேண்டாம்.

என்ன செய்யலாம்?

ஒன்று மட்டும் செய்யக் கூடாது. "மலையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன், பிழைத்துக்கொள்ளும்" என்று யாராவது முன்வந்தால் சம்மதிக்காதீர்கள். பிராணியை இப்படிக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடைச் சட்டப்படி குற்றம். வெயிலிலும் பசியிலும் அது நான்கு நாள் தாங்காது. தப்பித் தவறிப் பிழைத்தால் இன்னொரு கேடு. முயல் தொல்லையை ஒழிக்க நியூஸிலாந்தில் 1880-களில் ஃபெரட்டுகளைக் காட்டில் விட்டார்கள். அவை முயலோடு நிற்கவில்லை. பறக்கத் தெரியாத கிவிப் பறவைகளையும் கொன்று தின்றன. 2002 முதல் அங்கே ஃபெரட் விற்கவும் வளர்க்கவும் தடை.

நம் அபிப்பிராயம் இதுதான். வீட்டில் குளிர்ந்த அறை ஒன்று, தாழிடக்கூடிய கதவோடு, ஃபெரட்டுக்கென்று ஒதுக்க முடியுமானால், பொறுப்புள்ள ஒருவர் அதைத் தினம் கவனிக்க முடியுமானால், பிரசவம் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். அது முடியாது என்றால் சித்திரைக்கு முன்பே மகனுக்குக் கண்டிப்பாக எழுதிவிடுங்கள். பெங்களூரில் சேலத்தைவிட வெயில் குறைவு. ஃபெரட் வளர்த்துப் பழகிய நண்பர் யாராவது அவனுக்கு அங்கே இருப்பார். அங்கே சேர்ப்பிக்கும் ஏற்பாடும் அதற்கான செலவும் அவனுடையது. பேறுகாலம் பார்க்கும் தாய்க்கு இராத்தூக்கமே கிடைப்பதில்லை. நான்கு மணிக்கு ஒருமுறை ஃபெரட்டுக்குத் தீனி வைக்கச் சொல்வது நியாயமில்லை. அதை விட்டுக்கொடுத்தால் பாவம் என்று நீங்கள் வருந்தவும் வேண்டாம். அது சுகமாக இருக்கக்கூடிய இடத்துக்கு அனுப்புவதும் காப்பாற்றுவதுதான்.

புதிதாக வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பிராணி விற்கும் கடைகள் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2018-ல் மத்திய அரசு விதி செய்திருக்கிறது. பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியம், உங்கள் வீட்டு அறையில் மத்தியான வேளையில் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். அது 30-ஐக் காட்டினால் ஃபெரட் வேண்டாம். நம் வெயிலுக்கும் நம் தெருவுக்கும் பழகிய நாட்டு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ, ஒரு வீடு கிடைக்காதா என்று உங்கள் தெருமுனையிலேயே காத்துக்கொண்டிருக்கும்.

அடுத்த வாரம்: மழைக்காலத்தில் நாய்களுக்கு வரும் உண்ணித் தொல்லை.